வாய் முதலில், விரல் அப்புறம்

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன் என்றால் என் அண்ணனே நம்ப மாட்டான். அவள் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் அவளுக்கும் நாத்தனாரான எனக்கும் ஏழாம் பொருத்தம். குளியலறை வாளியை யார் நிரப்பி வைப்பது, வாசல் விளக்கை யார் அணைப்பது என்று எல்லாவற்றுக்கும் முட்டிக்கொண்டோம். அப்புறம் ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் வேலை அமைந்தது. அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர், நான் அலுவலக கிளார்க். தினமும் பஸ்ஸில் நாற்பது நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எத்தனை நாள்தான் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்க முடியும்? ஒரு நாள் அவள் ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். அன்றிலிருந்து பேச ஆரம்பித்தோம்.

அண்ணி சத்தம் போடுகிறவள் இல்லை. ஆனால் எதையும் மறக்கிறவளும் இல்லை. ஒருமுறை விருந்தாளிகள் முன்னால் அவள் குறட்டை விடுவதைச் சொல்லிச் சிரித்துவிட்டேன். நாலு வருஷம் கழித்து என் ஆபீஸ்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது, நான் பத்தாம் வகுப்பை மூன்று தடவை எழுதிய கதையைப் பேச்சுவாக்கில் எடுத்துவிட்டாள். சொல்லிவிட்டு எனக்குத்தான் முதல் கப் காபியைக் கொடுத்தாள். அந்தக் காபி இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஒரே அறை, ஒன்று-ஆ. இருபத்தோரு வருஷமாக அதே அறை. முட்டி வலியோடு தரையில் மண்டிபோட்டு, ஆறு வயசுப் பிள்ளைகளின் உயரத்துக்கு வந்துதான் பேசுவாள். அவள் கைப்பையைத் திறந்தால் நகவெட்டி, ஊசிநூல், அறுந்து விழுந்த சட்டைப் பொத்தான்கள், மூக்குத் துடைக்கும் காகிதம் எல்லாம் இருக்கும். பாடம் நடத்துவதில் அவளுக்கென்று ஒரு சட்டம் உண்டு. எந்தப் பிள்ளையும் எழுத்தை விரலால் தொடுவதற்கு முன்னால் வாயால் சொல்ல வேண்டும். "வாய் முதல்ல, விரல் அப்புறம்" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்வாள். தூக்கத்தில்கூடச் சொல்கிறாள் என்று அண்ணன் புலம்புவான்.

பக்கத்து அறை ஒன்று-அ. அந்த அறையின் டீச்சருக்குப் பிற்பாடு பச்சை மேடம் என்று பெயர் வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். பதினெட்டு வருஷம் அவளும் அண்ணியும் ஒரே டப்பாவில் மதியச் சாப்பாடு சாப்பிட்டவர்கள். நாற்பது வயசுக்கு மேல் பச்சை மேடத்துக்கு ஒரு பெண் பிறந்தபோது, சனிக்கிழமை தவறாமல் போய்ப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டவள் அண்ணி. பிள்ளைக்கு வீட்டில் பொடிசு என்று பெயர். அது பேச ஆரம்பித்ததும் அண்ணியைப் பெரியம்மா என்று கூப்பிட்டது. போன வருஷம் அம்மாவின் வகுப்பிலேயே, ஒன்று-அவில், வந்து சேர்ந்தது.

அதே வருஷம்தான் டேப்லெட்டுகளும் வந்தன. எங்கள் தாளாளர் எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து அறுபத்திரண்டு டேப்லெட் வாங்கினார். ஒன்றாம் வகுப்பில் ஆளுக்கு ஒன்று. பச்சை மேடம் மூன்று நாள் பயிற்சிக்குப் போனாள். திரும்பி வரும்போது ஒருங்கிணைப்பாளராக வந்தாள். கழுத்தில் ஒரு அட்டை, கையில் ஒரு குச்சிப் பேனா, பேச்சில் பாதி நாங்கள் கேட்டிராத வார்த்தைகள்.

அந்தப் பாடம் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். திரையில் மேலே ஒரு படம் வரும், பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் படம். கீழே மூன்று கட்டங்களில் மூன்று வார்த்தைகள். ஸ்பீக்கரைத் தொட்டால் சரியான வார்த்தையைச் சொல்லும். பிள்ளை அந்த வார்த்தை இருக்கும் கட்டத்தைத் தொட வேண்டும். சரியென்றால் நட்சத்திரம். தப்பென்றால் ஒரு கிளி வந்து "அடடா!" என்று இறக்கையை அடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு நட்சத்திரத்தைவிடக் கிளியைத்தான் பிடிக்கும். வாரக் கடைசியில் பிள்ளைக்கு ஒரு கட்டமாக ஒரு ரிப்போர்ட் வரும். நிறைய முடித்தால் பச்சை, கொஞ்சம் முடித்தால் மஞ்சள், முடிக்காவிட்டால் சிவப்பு. ஒன்று-அ முழுக்கப் பச்சை. அதனால்தான் அந்தப் பெயர்.

ஒன்று-ஆ முழுக்கச் சிவப்பு. அண்ணி அங்கேயும் தன் சட்டத்தை விடவில்லை. மூன்று வார்த்தையையும் வாயால் சொன்ன பிறகுதான் தொட வேண்டும் என்றாள். ஒரு பிள்ளை எழுத்துக் கூட்டி மூன்றாவது வார்த்தைக்கு வருவதற்குள் திரை அணைந்து தூங்கிவிடும். அந்த வகுப்பு இருபது பாடம் முடிக்கும்போது இந்த வகுப்பு நாலு முடித்திருக்கும்.

அண்ணிக்கு டேப்லெட் மேல் வெறுப்பெல்லாம் இல்லை. பயம்தான் இருந்தது. முதல் வாரம் தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு முப்பத்தொரு டேப்லெட்டையும் பூட்டிவிட்டாள். அன்றைக்கு வரைபடங்கள் சுருட்டி வைத்திருக்கும் அறைக்குள் போய் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை. பச்சை மேடத்திடம் மட்டும் சொன்னாள். அவளும் முதுகைத் தடவிக்கொடுத்து, எல்லாவற்றையும் திறந்து கொடுத்தாள்.

மூன்றாவது மாசம் ஆசிரியர் கூட்டம். நான் மூலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பச்சை மேடம் சுவரில் இரண்டு வகுப்பின் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கருவியில குறை இல்ல சார். பயன்படுத்துற கையிலதான்" என்றாள் பச்சை மேடம். "சில பேருக்கு டேப்லெட்டைத் திறக்கவே கண்ணீர் வேணும். ஒருத்தங்க மேப் ரூம்ல போய் உட்கார்ந்து அழுதே திறந்தாங்க."

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு அப்போது தெரியாது. அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் சிரித்தாகிவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதோடு முடியவில்லை. தாளாளர் முடிவைச் சொன்னார். மாசக் கடைசியில் பெற்றோர் நாள். அது முடிந்ததும் ஒன்று-ஆவைப் புதிதாக வரும் ஒரு டீச்சரிடம் கொடுத்துவிடுவார்கள். அண்ணிக்குச் சார்ஜ் அறை. டேப்லெட்டுகளைத் துடைத்து, சார்ஜ் போட்டு, எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கிற வேலை.

"இப்பவே காலையில வந்து பழகிக்கட்டும் சார்" என்றாள் பச்சை மேடம்.

அன்றைக்குப் பஸ்ஸில் அண்ணி ஜன்னல் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டாள். இறங்கும்போது, "நீயும் சிரிச்ச இல்ல?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "பரவால்ல. உன்னை அப்புறம் பாத்துக்கறேன். மொதல்ல அவ."

மறுநாளிலிருந்து முதல் பஸ். சார்ஜ் அறை என்பது ஒரு இரும்பு அலமாரியும் ஒரு மேசையும்தான். அறுபத்திரண்டு திரைகளையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆறு வயசுப் பிள்ளைகளின் விரல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜாம், மூக்குச் சளி, பென்சில் கரி எல்லாம் கலந்து காய்ந்து கிடக்கும். ஒரு வாரம் துடைத்தாள். எட்டாம் நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மேசைமேல் துடைக்காத இரண்டு டேப்லெட்டைச் சாய்த்து வைத்திருந்தாள்.

"இது என் வகுப்புது. கறை எங்கெங்க இருக்கு, பாரு."

ஸ்பீக்கர் படத்தின்மேல் பெரிய கறை. கீழே மூன்று கட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சம்.

"இது அவ வகுப்புது."

கீழே மூன்று கட்டங்களும் அப்பிக்கிடந்தன. ஸ்பீக்கர் இருக்கும் இடம் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருந்தது.

"ஒரு தடவைகூடத் தொடலடி. என்ன வார்த்தைன்னு கேக்காமலே எப்படி எல்லாத்துக்கும் நட்சத்திரம் வாங்குதுங்க?"

அன்றைக்கு இடைவேளைக்கு முன்னால், மெழுகு பென்சில் வாங்குகிற சாக்கில் ஒன்று-அ வாசலில் போய் நின்று பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் முதல் கட்டத்தைத் தொட்டன. கிளி வந்தது. இரண்டாவதைத் தொட்டன. கிளி வந்தது. இரண்டு தடவை தப்புப் போட்டால், பாவம் பிள்ளை என்று அந்தப் பாடமே சரியான கட்டத்தை லேசாக ஆட்டிக் காட்டும். ஆடுகிறதைத் தொட்டால் நட்சத்திரம். தப்புகளை ரிப்போர்ட் எண்ணுவதே இல்லை. முடித்ததை மட்டும்தான் எண்ணும். முப்பத்தொரு பிள்ளைகளும் அதைக் கண்டுபிடித்துவிட்டன. டீச்சர் ஒருத்திதான் கண்டுபிடிக்கவில்லை. அவள் பச்சையை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தாளாளர்கிட்ட போய்ச் சொல்லிடலாம், அண்ணி. இப்பவே" என்றேன்.

"மூணு பேர் இருக்கற ரூம்ல சொல்லவா? என்னை நாப்பது பேர் பாத்துச் சிரிச்சாங்க."

அப்புறம் மூன்று வாரம் அவள் படித்தாள். ஒரு டேப்லெட்டைக் கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, சமையல் மேடையில் சாய்த்து வைத்து, ஒவ்வொரு பொத்தானாகத் தட்டிப் பார்த்தாள். பூட்டினாள், திறந்தாள். குரல் பதிவு செய்கிற பொத்தானைக் கண்டுபிடித்து, மறுநாள் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் படிக்கச் சொல்லிப் பதிவு செய்து, அவர்கள் குரலை அவர்களுக்கே போட்டுக் காட்டினாள். இரண்டாவது பெஞ்சில் யாரிடமும் பேசாத ஒரு பையன் தன் குரலைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே ஒரு பக்கம் முழுக்கப் படித்தான். அவள் நிஜமாகவே சந்தோஷப்பட்டாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கை மறுபடி செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய்விடும். அங்கே மொழிகள் என்று ஒரு பட்டியல் இருந்தது. நாற்பதுக்கு மேல்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸில், "பெற்றோர் நாள் நிகழ்ச்சி நிரலை நீதானே அடிக்கற? எனக்குப் பத்து நிமிஷம் போடு" என்றாள்.

"என்னன்னு போடறது?"

"ஒன்று-அ மாணவியின் திறமை, செயல்விளக்கம். பச்சை மேடத்துக்கு வாயெல்லாம் பல்லாயிடும்."

அப்படியே ஆனது. தன் வகுப்பை எதிராளியே மேடையில் பாராட்டப்போகிறாள் என்று பச்சை மேடம் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"யாரைக் கூப்பிடப் போறீங்க?" என்று கேட்டேன்.

"பொடிச."

"வேற பிள்ளையக் கூப்பிடலாமே, அண்ணி."

"வேற பிள்ளையக் கூப்பிட்டா அவளுக்கு வலிக்காது."

பெற்றோர் நாளன்று கூடம் நிரம்பிவிட்டது. முன்வரிசை நடுவில் தாளாளர், பக்கத்தில் கழுத்து அட்டையோடு பச்சை மேடம். பின்னால் இரண்டு வகுப்புப் பெற்றோரும் ஆசிரியர்களும். நான் புரொஜெக்டர் பக்கத்தில் நின்றேன். பொடிசு இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, சிவப்பு ஷூ சத்தம் போட மேடை ஏறியது. அண்ணியைப் பார்த்ததும் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டது. அண்ணி அதன் சடையைச் சரி செய்துவிட்டு டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள்.

"பத்துக் கேள்வி இருக்கு கண்ணு. வழக்கம்போல விளையாடு."

பெரிய திரையை அப்போது நான் போடவில்லை. அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். பொடிசு நாக்கை நீட்டிக்கொண்டு டக்டக்கென்று தட்டியது. மூன்று நிமிஷத்தில் முடித்துத் தலையைத் தூக்கியது. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் புரொஜெக்டரைப் போட்டேன். சுவர் அளவுக்குப் பத்து நட்சத்திரம், பச்சைக் கட்டம். கூடம் கைதட்டியது. பச்சை மேடம் பின்னால் திரும்பி எல்லோரையும் பார்த்தாள். தாளாளர் எழுந்து நின்று தட்டினார்.

"நன்றி. இப்ப இவ படிச்சு முடிச்ச பாடத்தை நாம எல்லாரும் பாப்போம்" என்ற அண்ணி டேப்லெட்டில் முடித்த கேள்விகளுக்குத் திரும்பிப் போனாள்.

ஒரு குடையின் படம். கீழே மூன்று கட்டங்களில், கொக்கியும் வட்டமும் கோடுமாக, அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு மொழியின் எழுத்து.

"இதை யாராவது படிக்க முடியுமா? மேடம், நீங்க?"

கைதட்டல் அங்கங்கே நின்றது. பச்சை மேடம் கழுத்து அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டாள். அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. ரெண்டு தப்பு, ஒரு ஆட்டம், ஒரு நட்சத்திரம் என்று நிதானமாகச் செய்து காட்டினாள். ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையின் பச்சைக் கட்டத்தை நினைத்துக்கொள்வது முகத்திலேயே தெரிந்தது. பின்வரிசையில் ஒரு அப்பா சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்கு உள்ளே குதியாட்டம். சிரிங்கடா, நல்லா சிரிங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கேயே முடிந்திருக்கலாம். அண்ணி கைப்பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தாள். வெறும் காகித அட்டை, ஒவ்வொன்றிலும் பெரிதாக ஒரு வார்த்தை. முதல் அட்டையைப் பொடிசிடம் நீட்டினாள்.

"இது என்னன்னு சொல்லு, கண்ணு."

அட்டையில் 'மரம்' என்று எழுதியிருந்தது. பொடிசு அதைப் பார்த்தது. விரலை நீட்டி அட்டையை ஒரு தடவை தட்டியது. காத்திருந்தது. இன்னொரு தடவை தட்டியது. காத்திருந்தது. அப்புறம் முன்வரிசையில் அம்மாவைப் பார்த்தது. பச்சை மேடத்தின் உதடு அசைந்தது. மூன்று எழுத்து, மெதுவாக, வாயை அகலத் திறந்து.

"மரம்!" என்றது பொடிசு.

கூடம் மொத்தமும் பார்த்தது, தாளாளர் உட்பட. அண்ணி பிள்ளையின் தோளைப் பிடித்து, அம்மா தெரியாதபடி மெல்லத் திருப்பி நிறுத்தினாள். இரண்டாவது அட்டையைக் காட்டினாள்.

'படம்.' பொடிசு தட்டியது. மறுபடி தட்டியது. சிவப்பு ஷூவின் ஒரு கால் இன்னொரு காலைத் தேய்த்தது. விரல் நடுங்குவது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது தடவை தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"பெரியம்மா, இது ஆடவே மாட்டேங்குது."

சிலர் சிரித்தார்கள். பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்கள். பச்சை மேடம் மேடைக்கு ஏறி வந்து, யாரையும் பார்க்காமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். ஒரு ஷூ கழன்று படியில் கிடந்தது. நான்தான் போய் எடுத்தேன்.

ஒன்று-ஆ அண்ணியிடமே இருக்கிறது. அன்று சாயங்காலமே தாளாளர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பச்சை மேடத்தை ஒருங்கிணைப்பாளர் வேலையிலிருந்து எடுக்கவில்லை. டேப்லெட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு யாராவது பொறுப்பாக இருக்க வேண்டுமாம். ஆனால் ரிப்போர்ட்டில் தப்புகளையும் எண்ணச் சொல்லிவிட்டார். இப்போது யாரும் அவளைப் பச்சை மேடம் என்று கூப்பிடுவதில்லை, நான் ஒருத்திதான் விடாமல் கூப்பிடுகிறேன். பொடிசை அவள் வேறு பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டாள். மாற்றுச் சான்றிதழை நான்தான் அடித்தேன். ஷூவை அதோடு சேர்த்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள்.

பெற்றோர் நாளன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். தாளாளர் முகம் போன போக்கை நடித்துக் காட்டினேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். எங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னால்தான் பேசினாள்.

"மொதல் அட்டையிலயே முடிஞ்சுடுச்சு. அவ வாயசைச்சதை எல்லாரும் பாத்துட்டாங்க. என் வகுப்பு எனக்குத்தான்னு அப்பவே எனக்குத் தெரியும்."

"அப்புறம் எதுக்கு ரெண்டாவது அட்டை?"

"அந்தப் பிள்ளை விரல் நடுங்கினதையும் பாத்தேன். திருப்பி நிறுத்தறதுக்கு முன்னாடியே பாத்தேன்."

கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன். "பாத்துட்டுமா, அண்ணி?"

அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் தண்ணீர் இல்லை.

"நல்லா இருந்துச்சுடி" என்றாள்.